மறைந்த ஏரிநாயகர் பெயருக்கு விழுந்த முந்நூற்றொரு ஓலைகள்

நன்மை நிலைக்க. மழை தன் பருவத்தில் வருக. வந்த மழை கரைக்குள் நிற்க.

தண்ணாறு பாய்ந்து வளம் சுரக்கும் மருதவள நாட்டைப் பொழில்நகர்த் திருமாளிகையில் வீற்றிருந்து ஆண்டருளும் கோ மாவண்பெருமானடிகளுக்கு யாண்டு பதினொன்றாவது, ஆவணித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், பெருமானடிகள் திருவாய் மலர்ந்தருளியவண்ணம் திருமந்திர ஓலைநாயகம் கீரன் வேட்டனாகிய யாம் எழுதும் திருமுகம்.

தென்கரைக் கூற்றத்தைக் கண்ணிமைபோல் காத்து நிற்பவரும், வழக்கில் இருபுறமும் கேட்ட பின்னரே வாய் திறப்பவர் என்று பெயர் பெற்றவருமாகிய அரையர் சேந்தன் பொறையனார் காண்க. தங்களுக்கும் தங்கள் மனையறத்தார்க்கும் கூற்றத்துக் குடிகளுக்கும் நலம் பெருகுக. அங்கே வயல்கள் நடவு முடிந்து பச்சை பிடித்தன என்றும், சந்தைகளில் பூசல் குறைந்தது என்றும், ஏழ்மதகூர்ப் பெருங்கண் ஏரியின் ஏழு மதகுகளில் ஆறு நலமாக உள்ளன என்றும் கேட்டு மகிழ்ந்தோம். எஞ்சிய ஒரு மதகைப் பற்றியே இத்திருமுகம் எழுத நேர்ந்தது.

தாங்கள் விடுத்த ஓலை இத்திங்கள் நான்காம் நாள் எம்மை அடைந்தது. ஏழ்மதகூர் ஏரி வாரியத்துக்குத் தலைவரைத் தேர்ந்துகொள்ள ஊரார் வீட்டுக்கு ஒன்றாக மனைக்குறியோடு குடத்தில் இட்ட ஓலைகள் அறுநூற்று நாற்பது என்றும், அவற்றுள் கொற்றன் பெயர் எழுதியவை நூற்றெழுபத்தொன்று, பதுமனார் பெயர் எழுதியவை நூற்று அறுபத்தெட்டு என்றும், எஞ்சிய முந்நூற்றொன்றும் ஒன்பது திங்களுக்கு முன் மறைந்த ஏரிநாயகர் அழிசியாரின் பெயரையே தாங்கியிருந்தன என்றும் அதில் கண்டோம். மறைந்தவரின் உடன்பிறந்தாள் மகன் கொற்றனே ஆதலால், அம்முந்நூற்றொன்றையும் அவன் கணக்கில் சேர்த்துத் தலைமையை அவனுக்கே அளித்துவிடலாமா என்று தாங்கள் வினவியிருந்தீர்கள்.

விடை எழுதும் முன் உண்மை அறிய வேண்டி, எம் ஓலைச்சாலைக் கண்காணி பிட்டனை ஏழ்மதகூருக்கு விடுத்தோம். அவன் எட்டு நாள் தங்கி, உரியவர்களின் வாக்குமூலங்களைச் சொன்னவர் சொன்னபடியே எழுதி வந்தான். சான்றோர் ஓலையில் கொச்சைமொழி புகுவது எமக்கு உவப்பன்று. எனினும் வாக்குமூலத்தைச் செம்மை செய்வது அதனினும் பெரிய வழு ஆதலின், இன்றியமையாத இடங்களில் அவற்றை உள்ளபடியே இங்குச் சேர்த்திருக்கிறோம்.

அழிசியாரைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் இத்திருமுகம் சபையில் படிக்கப்படவும் பின்வருவோர் கையில் சேரவும் வேண்டியது ஆகையால், அறிந்ததையும் எழுதுகிறோம். பதினெட்டு யாண்டு அவர் ஏரி வாரியத் தலைவராக இருந்தார். இரண்டு வறட்சிகளிலும் கடைமடை காயாமல் நீரைக் கொண்டு சேர்த்தார். நாவடக்கம் அவரிடம் இருந்ததாக எவரும் சொல்லவில்லை. ஊராரை அவர் விளித்தது 'தவளைகளா' என்னும் ஒரே சொல்லால். சபையிலும் அதுவே, திருவிழாவிலும் அதுவே. அவ்விளி கேட்டுச் சினந்தவர் ஒருவரையும் பிட்டன் காணவில்லை. இனி நம்மை அப்படி அழைக்க ஆளில்லையே என்று சொன்னவர் பலரைக் கண்டான். கடந்த கார்த்திகைப் பெருமழையில் நான்காம் மதகு கசிந்தபோது, மூன்று நாள் இடுப்பளவு நீரில் நின்று வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்து ஊரைக் காத்தார். ஆறாம் நாள் காய்ச்சலில் மறைந்தார்.

வாரியத் தலைமைக்கு நிற்போர் பத்து நாள் தம் தகுதியைத் தெருத்தெருவாகச் சாற்றலாம் என்பது நம் நாட்டு வழக்கு. அதற்குப் பறை ஒன்றும் ஓவியத் திரை ஒன்றும் உண்டு. வெட்டிய வாய்க்கால், தூர்வாரிய குளம், கட்டிய கலிங்கு என அவரவர் செய்ததையே திரையில் தீட்ட வேண்டும் என்று விதி கூறுகிறது. மறைந்தோரைத் தீட்டலாமா என்பது பற்றி விதி ஏதும் கூறவில்லை. அந்த வெற்றிடம் எம் ஓலைச்சாலையில் எம் முன்னோர் விட்டதும் யாம் காணத் தவறியதும் ஆகும்; ஏழ்மதகூராரின் மேல் அதனை ஏற்றுவதற்கில்லை.

கொற்றனுக்கு வயது இருபத்தாறு. பெற்றோரை இளமையிலேயே இழந்து மாமன் மனையில் உண்டு வளர்ந்தவன். திரையில் தீட்டத் தனக்கென ஒரு செயல் அவனிடம் இல்லை. அவ்வயதில் இல்லாதிருப்பது குற்றமும் இல்லை. ஓவியர் வந்து எதைத் தீட்டுவது என்று கேட்டபோது, தன் நினைவில் நின்ற ஒரே பெரிய செய்தியாகிய மாமனைத் தீட்டச் சொன்னான். அழிசியார் நிற்க, கொற்றன் பணிய, அவர் வலக்கை அவன் தலைமேல் அமர்ந்திருக்க, பின்னே ஏரி விரிந்திருக்கத் திரை எழுந்தது. உயிரோடிருந்தபோது அவ்வாறு தலையில் கை வைத்ததுண்டா என்று பிட்டன் கேட்டதற்கு அவன் மறைக்காமல் சொன்ன விடை வருமாறு: "தலையில கை வச்சதில்லீங்க. குட்டியிருக்காரு. அதைத் தீட்டினா நல்லாவா இருக்கும்?"

திரை மட்டுமாயின் இத்துணை விரிந்திராது. கொற்றனின் நண்பர்கள் நள்ளி என்னும் கூத்தனையும் அழைத்து வந்தனர். திருவிழாதோறும் அழிசியாரைப் போலவே பேசி ஊரைச் சிரிக்க வைத்தவன் இந்நள்ளி. முன்வரிசையில் அமர்ந்து எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் அழிசியாரே. அவனைத் திரைக்குப் பின் நிறுத்தி, "பெருந்தகை மாந்தர்காள், என் மருமகனை உங்கள் கையில் ஒப்படைத்தேன், என்னை மறவாதீர் எனில் இவனை மறவாதீர்" என்று அக்குரலிலேயே சொல்லச் செய்தனர். நள்ளியின் வாக்குமூலம்: "குரலு வந்துருச்சு சாமி, பேச்சுத்தான் வரலை. அவரு வாயைத் திறந்தா முதல்ல தவளைன்னுதான் வரும். அது மரியாதையா இல்லை, விட்டுட்டுச் சொல்லுன்னாங்க. பெருந்தகை மாந்தர்காளாம்! அவரு கேட்டிருந்தா யாருடா செத்துட்டாங்கன்னு கேட்டிருப்பாரு."

சாற்றத் தொடங்கிய நான்காம் நாள் பிற்பகலில் அத்திரை அழிசியாரின் மனை இருக்கும் தெருவுக்கு வந்தது. அவர் மனைவியார் வேண்மாள் உள்ளே நெல் புடைத்துக்கொண்டிருந்தார். ஏரியிலிருந்து கணவர் திரும்பும் பொழுதில் கால் கழுவச் செம்பில் நீர் கொண்டு வாயிலில் நிற்பது அவ்வம்மையாரின் முப்பதாண்டுப் பழக்கம். தெருவில் குரல் கேட்டது. சுளகைக் கீழே வைத்தார், செம்பை எடுத்தார், நீர் முகந்தார், வாயிலுக்கு வந்தார். திரையைக் கண்ட பின்னரே தாம் செய்தது அவருக்குத் தெரிந்தது. செம்பை நிலைப்படியில் வைத்துவிட்டு உள்ளே சென்றார். திரையின் கிழிசல் வழியே அதைக் கண்ட நள்ளி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அதன் பின் அக்குரலில் ஒரு சொல்லும் பேச மறுத்துவிட்டான். மறுநாள் வேறொருவனைப் பேச வைத்தனர். குரல் பொருந்தவில்லை. நாயகருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று ஊரார் நகைத்ததாகப் பிட்டன் எழுதியிருக்கிறான். அதே ஊரார் அன்று மாலை அந்த நிலைப்படியைக் கடக்கையில் குரல் தாழ்த்தி நடந்தனர் என்றும் எழுதியிருக்கிறான்.

பதுமனார் வாரியத்தில் பதினெட்டு யாண்டும் அழிசியாருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். தாமே வெட்டிய வாய்க்கால்கள் மூன்று அவருக்கு உண்டு. அவற்றைத் தீட்டியிருந்தால் போதும். ஆனால் எதிர்த்தரப்பில் அழிசியாரே வீதி உலா வரும்போது தம் திரையில் அவர் இல்லாதிருப்பது நன்றி மறந்ததாகத் தோன்றுமே என்று அவர் அஞ்சினார். எனவே அவர் திரையிலும் அழிசியார் எழுந்தருளினார். இருவரும் ஒரே மதகுக் கயிற்றைப் பற்றி நின்றனர். அது நிகழ்ந்த செய்திதானா என்ற வினாவுக்கு அவர் விடை: "கயிறு ஒண்ணுதான். இழுத்தது எதிரெதிர்ப் பக்கம். பதினெட்டு வருசம் அந்த மனுசனோட சண்டை போட்டேன் ஐயா. இனி யாரோட போடப் போறேன்?"

ஏழாம் நாள் நாற்சந்தியில் இரு திரைகளும் எதிர்ப்பட்டன. வழி விடுங்கள், நாயகர் வருகிறார் என்று ஒரு பக்கத்துப் பறை கொட்டுவோர் கூற, இங்கேயும் நாயகர்தான் நிற்கிறார், எங்கள் நாயகர் முன்னமே வந்துவிட்டார் என்று மறுபக்கத்தார் கூறினர். மறைந்த பெரியவரைப் பின்வாங்கச் செய்வது இருதரப்புக்கும் தகாததாகப் பட்டது. மோதித் தள்ளுவது அதனினும் தகாததாகப் பட்டது. நண்பகல் தொடங்கிச் சாயும் வெயில்வரை இரு அழிசியாரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றனர். சந்தை வண்டிகள் தெரு முனைவரை தேங்கின. பறை கொட்டுவோர் இருதரப்பாரும் ஒரே மரநிழலில் அமர்ந்து ஒரே கலயத்துக் கூழைப் பகிர்ந்து உண்டனர். இவ்வழக்கில் அறிவோடு நடந்துகொண்டவர்களை எண்ணப் புகுந்தால் அவர்களையே முதலில் எண்ண வேண்டும்.

பதினோராம் நாள் ஊரார் ஓலையிட்டனர். சபையார் குடம் திறந்து முதல் ஓலையைப் படித்தபோது, அழிசியார் என்று இருக்கக் கண்டு, யாரோ துயரில் தடுமாறினர் என்று எண்ணி அப்பால் வைத்தனர். இரண்டாம் ஓலையிலும் அப்பெயர். ஐந்தாம் ஓலைக்குப் பின் அப்பால் வைப்பதை நிறுத்தினர். செக்கு வைத்து எண்ணெய் விற்கும் கொற்றி என்னும் மூதாட்டியிடம் பிட்டன் காரணம் கேட்டான். "பத்து நாளா ரெண்டு தரப்பும் அவரு பேரைத்தானே சொல்லிட்டுப் போனாங்க? நிக்கிறவன் பேரை எவன் சொன்னான்? கேட்டதை எழுதினேன். இதுல என் தப்பு என்ன சாமி?" என்பது அவர் வாக்குமூலம். இதில் தவறு காண எம்மால் இயலவில்லை.

இனி இவ்வழக்கின் உயிர்நிலைக்கு வருகிறோம். வேண்மாள் அம்மையாரைப் பிட்டன் கண்டது அவரைத் தேற்றுவதற்காகவே. திரைகளைத் தடை செய்ய வேண்டுவார் என்றே அவனும் எதிர்பார்த்தான். அவர் அதை வேண்டவில்லை. திரைகளைப் பற்றி அவர் சொன்னதெல்லாம், இரண்டிலும் மூக்கு சரியாக அமையவில்லை என்பதே. அவர் வேண்டியது வேறு. அவ்வாக்குமூலத்தை முழுமையாகத் தருகிறோம்.

"கடைசி நாளு பேச்சு குறைஞ்சிட்டே வந்துச்சு. கிட்டப் போயிக் காதைக் குடுத்தேன். நாலாவது மதகுப் பலகை இத்துப்போச்சு, அடுத்த ஐப்பசிக்குள்ள மாத்திரணும்னாரு. போன கோடையிலயே அதுக்கு வேங்கை மரம் வந்துச்சு, தேர்ச்சக்கரத்துக்கு வேணும்னு ஊரு கேட்டுச்சு, வாய் வரலை, குடுத்துட்டேன், என் தப்புதான், தவளைங்ககிட்ட அதையும் சேத்துச் சொல்லிருன்னாரு. எனக்குன்னு ஒண்ணும் சொல்லலை. ஊருக்குத்தான் சொன்னாரு. அதை இன்னும் ஊருகிட்டச் சேக்க முடியலை. பத்து நாளு அவரு குரலு தெருவெல்லாம் பேசுச்சு. இதை மட்டும் பேசலை."

சேர்க்க முடியாமைக்குக் காரணம் எவருடைய தீமையும் இல்லை என்பதே இவ்வழக்கின் துயரம். முப்பதாம் நாள் கழிந்ததும் அம்மையார் கொற்றனிடமும் பதுமனாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். மதகுப் பலகையை வாரியத் தலைவரின் ஆணையின்றி எவரும் கழற்றலாகாது என்பது ஏழ்மதகூரின் பழைய கட்டுப்பாடு. தலைவர் இல்லாத வாரியம் என் செய்யும் என்று இருவரும் கைவிரித்தனர். நடுகல் நாட்டும்வரை புதிய தலைவருக்குக் குடம் வைப்பதில்லை, மறைந்தோர் மனையார் சபை ஏறுவதில்லை என்பதும் அவ்வூர் வழக்கு. ஆடியில் கல் நாட்டியபின் அம்மையார் சபையை அணுகினார். சாற்று தொடங்க மூன்று நாளே இருந்தது. நாயகரின் மனைவி வாய் திறந்தால் அது எவருக்கோ சாற்றாகிவிடும், எல்லாம் முடியட்டும் என்று சபையார் பணிவோடு திருப்பி அனுப்பினர். திரையின் ஓர் ஓரத்திலாவது அப்பலகையைச் சேர்க்கலாகாதா என்று அவர் கேட்டதற்கு, இற்றுப்போன பலகையைப் பார்த்து எவர் ஓலையிடுவார் என்றனர் கொற்றனின் நண்பர்கள். பதுமனாரோ, அவர் பெயரில் ஒரு கறை படிய என் கையால் இடம் தரமாட்டேன் என்று கண்ணீர் விட்டார். ஒருவருடைய பெயரைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் ஆர்வத்தில் அவர் சொல் கேட்கப்படாமல் போயிற்று.

பிட்டன் தானே நான்காம் மதகில் இறங்கிப் பார்த்தான். பலகையின் நடுவே தன் எழுத்தாணியை வைத்து அழுத்தினான். அது கைப்பிடிவரை இறங்கிற்று. வெளியே இழுத்தபோது ஈரமான மரத்தூளோடு வந்ததாம். அத்தூளை ஓலைத்துண்டில் மடித்து எமக்கு அனுப்பியிருக்கிறான். ஐப்பசிக்கு இன்னும் நாற்பது நாளே உள்ளது. அம்மதகுக்கு நேர்கீழே இருப்பது குயவர் தெருவும் செக்கார் தெருவும், நூற்றிருபது மனைகள்.

இவையனைத்தையும் நேற்று முற்பகல் பெருமானடிகள் திருமுன் படித்தோம். நாற்சந்திச் செய்திக்குப் பெருமானடிகள் முறுவலித்தருளினார்கள். செம்பைப் பற்றிய பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார்கள். முடிவில், மறைந்த பெருவேந்தராகிய தம் தந்தையார் சொல்லாத எதையேனும் அவர் திருப்பெயரால் யாம் எழுதியதுண்டா என்று எம்மை வினவினார்கள். திருப்பெயரை முகப்பில் வைத்தால் ஆணை எளிதில் செல்லும் என்று யாமும் அவ்வாறு எழுதியதுண்டு என்றும், எத்தனை திருமுகங்கள் என்று எண்ண மூன்று நாள் வேண்டும் என்றும் விண்ணப்பித்தோம். எண்ணித் தருக என்று பணித்தார்கள். அப்பணி நடைபெறுகிறது. இத்திருமுகத்தின் முகப்பில் அத்திருப்பெயர் இல்லாமையைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

இனிப் பெருமானடிகளின் ஆணை.

முந்நூற்றொரு ஓலைகளையும் கொற்றனுக்கு ஏற்றலாகாது. பெயர் என்பது நிலம்போல் வழிவழியாகப் பாகம் பெறும் பொருளன்று. அழிசி என்று எழுதிய கை கொற்றன் என்று எழுத அறியாத கையும் அன்று. அவ்வோலைகளைச் செல்லாதவை என்று எறிந்துவிடவும் ஆகாது. மூவரில் அதிகம் பேர் வேண்டியவர் அவரே. அத்தனை மனையார் சொன்னதைக் குப்பை என்று சொல்ல அரசுக்கு வாய் இல்லை. மறைந்தவர் தலைமையில் அமர முடியாது என்பது உண்மை. ஆனால் தலைவர் பணியில் இருக்கும்போதே உயிர் நீத்தவர் அழிசியார். நான்காம் மதகுப் பலகையை மாற்றுக என்று அவர் மனைவியாரைச் சான்றாக வைத்துச் சொன்னது பதவியிலிருந்த தலைவரின் ஆணையே. ஆகவே பலகையைக் கழற்றப் புதிய தலைவர் தேவையில்லை. ஆணை ஒன்பது திங்களாக நடப்பில் உள்ளது, நிறைவேற்றுவார்தாம் இல்லை. ஊரார் இப்போது தம் ஓலைகளால் அவ்வாணையை உறுதி செய்துவிட்டனர் என்று கொள்க. அவர் பெயரை எழுதிய முந்நூற்றொரு மனையாரும் மனைக்கு ஓர் ஆளாக மதகுப் பணிக்கு வருக. வேண்டியவரின் சொல்லைக் கேட்பதே வேண்டியதற்குப் பொருள்.

வேங்கை மரம் அரசக் காட்டிலிருந்து இன்றே புறப்படுகிறது. தேர், பந்தல், வளைவு என எதன்பொருட்டும் அது வழியில் நிற்கலாகாது. புரட்டாசித் திங்கள் பத்தாம் நாளுக்குள் பலகை மாறவேண்டும். பழைய பலகையை இழுக்கும் கயிற்றைக் கொற்றனும் பதுமனாரும் முன்நின்று பற்றுக. கயிறு ஒன்றே; இம்முறை இருவரும் ஒரே பக்கம் இழுக்க.

பலகை பொருந்திய பதினைந்தாம் நாள் மீண்டும் குடம் வைக்க. அதற்குமுன் ஐந்து நாள் சாற்றலாம். பதுமனார் தம் வாய்க்கால்களைத் தீட்டுக. கொற்றன் அதற்குள் மதகில் எத்தனை நாள் நின்றானோ அதனைத் தீட்டுக. அது அவன் சொந்தச் செயல் ஆகும். மறைந்தோர் எவரையும் இனித் திரையில் தீட்டுவதும், அவர் குரலில் பேசுவிப்பதும், அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சாற்றுவதும் மருதவள நாடெங்கும் விலக்கப்பட்டன. ஒருவர் உண்மையாகச் சொன்னதை எடுத்துச் சொல்ல விரும்புவோர், அவர் மனையாரின் இசைவு பெற்று, அதில் அவர் பிழை இருப்பின் அப்பிழையோடு முழுதும் சொல்லக் கடவர். திருவிழாக் கூத்தில் நகைக்காகப் பேசுவது இவ்விலக்கில் அடங்காது. அழிசியார் அதற்குச் சிரித்தார் என்பதற்குச் சான்று போதிய அளவு உள்ளது. இம்முறை குடத்தில் இடும் ஓலையில் உயிரோடிருப்பவர் பெயரே எழுதப்பட வேண்டும். இதனைத் தனியே எழுத நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்.

இரு திரைகளையும் வேண்மாள் அம்மையாரிடம் ஒப்படைக்க. வைத்துக்கொள்வதும் மடித்துவிடுவதும் மூக்கைத் திருத்துவிப்பதும் அவர் விருப்பம்.

அம்மையாரின் வேண்டுகோள் பற்றியது இறுதி ஆணை. தம் கணவர் சொன்னதைத் தாமே சபை ஏறிச் சொல்லலாமா என்று பிட்டன் கேட்டதற்கு, தாம் சொன்னால் ஊர் தம்மைப் பார்த்து அழுமேயன்றிச் சொல்லைக் கேளாது என்றும், நள்ளி சொன்னால் கேட்கும் என்றும் அவர் கூறினார். ஆகவே பணி தொடங்கும் காலையில், ஊரார் அனைவரும் நான்காம் மதகின் கரையில் கூடியிருக்க, திரை ஏதுமின்றி நள்ளி நின்று, அம்மையார் கூறிய அச்சொற்களை மட்டும் அழிசியாரின் குரலில் ஒருமுறை சொல்லுக. மரம் தேருக்குப் போனதும், தடுக்க வாய் வராததும், பிழை தன்னது என்பதும் விடுபடலாகாது. கேட்டு வாங்கியது ஊர் என்பதும் விடுபடலாகாது. பேச்சைத் 'தவளைகளா' என்றே தொடங்குக. அவ்விளி மரியாதைக் குறைவு என்று கருதி எவரும் நீக்கலாகாது. அவன் மறுத்தால் வற்புறுத்தலாகாது என்று எழுதியிருந்தோம். பிட்டன் ஏழ்மதகூரை விட்டுப் புறப்படும்போது நள்ளி தானே வந்து, அம்மையார் சொன்ன அந்தப் பேச்சாயின் தனக்கு வரும் என்று சொல்லியதை அவன் இப்போது தெரிவித்ததால், அவ்வரியை அடித்துவிட்டோம்.

இத்திருமுகத்தைத் தாங்கள் சபையில் நின்று முழுதும் படிப்பிக்க. படித்தபின் ஏரிக்கரை நடுகல்லின் எதிரே கல்லில் வெட்டுவிக்க. வெட்டுவோர் வாக்குமூலங்களின் கொச்சையைத் திருத்த முற்படின் தடுக்க.

மதகுப் பணி முடியும் மாலையில், நீரிலிருந்து கரையேறுவோர் கால் கழுவத் தாம் செம்பில் நீர் தருவதாக வேண்மாள் அம்மையார் சொல்லியிருக்கிறார். முந்நூற்றொருவரும் வரிசையில் நின்று அதனைப் பெற்றுக்கொள்க. நேரமாயிற்று என்று எவரும் விலகிப் போகலாகாது. இதுவும் ஆணை.

பெருமானடிகள் கேட்டருளி இசைந்தமைக்கு அடையாளமாக நீர்க்கொடி இலச்சினை பொறிக்கப்பட்டது. எழுத்தும் சொல்லும் எம்முடையவை. பிழையிருப்பின் அதுவும் எம்முடையதே. கரை நிற்க, குடி நிற்க, சொன்ன சொல் நிற்க.

— கீரன் வேட்டன், திருமந்திர ஓலைநாயகம், பொழில்நகர்.